காத்திருக்கும் விதைகளும் காத்திருக்காத விதைகளும்

"விதை போட்டேன், முளைக்கவே இல்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அது என்ன விதை, பழத்திலிருந்து எடுத்து எத்தனை நாள் கழித்துப் போட்டீர்கள்? பலர் மண்ணைக் குறை சொல்வார்கள், தண்ணீரைக் குறை சொல்வார்கள், கைராசி இல்லை என்றுகூடச் சொல்வார்கள். வீட்டுக் கொல்லையில் விதை முளைக்காமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது வேறு. அந்த விதையின் குணம் நமக்குத் தெரிவதில்லை. பலாக்கொட்டையை நன்றாகக் காயவைத்து, டப்பாவில் பத்திரப்படுத்தி, மூன்று மாதம் கழித்து நட்டால் அது உள்ளே செத்துப்போயிருக்கும். சரக்கொன்றை விதையை மரத்தடியில் பொறுக்கி அப்படியே மண்ணில் போட்டால், உயிரோடு இருந்தாலும் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். முன்னதற்கு அவசரம், பின்னதற்கு உறக்கம். எந்த விதை எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

விதைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மொச்சைக்கொட்டையை இரவு ஊறவையுங்கள். பிதுக்குப் பயறு குழம்புக்குச் செய்வது போலக் காலையில் தோலைப் பிதுக்கி எடுத்து, இரண்டு பருப்பாகப் பிரியுங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு முளை ஒட்டிக்கொண்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் ஒரு முனை வேராகப் போவது, இன்னொரு முனையில் மடங்கிய இரண்டு குட்டி இலைகள். செடி அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான சாப்பாடு. வழிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. வேர் மண்ணைப் பிடித்து, இலை வெயிலைப் பிடிக்கும்வரை செடி அதைத் தின்றுதான் வளரும். அதனால்தான் முளைக்கும் விதைக்கு உரம் தேவையே இல்லை.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தெருவில் விற்கும் தேங்காய்ப்பூவை வாங்கிப் பாருங்கள். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே இருக்கும் அந்த மிருதுவான வெள்ளை உருண்டை பூ இல்லை. முளையின் ஒரு பாகம்தான் உள்பக்கமாக வளர்ந்து, தேங்காயின் தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சிக் கன்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. உருண்டை பெரிதாகப் பெரிதாக பருப்பு மெலியும். பிள்ளைகளுக்கு விதையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பாடம் முடிந்ததும் சாப்பிட்டும் விடலாம்.

முளை விழித்துக்கொள்ள மூன்று வேண்டும்: ஈரம், காற்று, ஏற்ற வெப்பம். நம் ஊர்க் காய்கறி விதைகளுக்கு 25 முதல் 30 டிகிரி போதும். மலைப்பகுதிகளைத் தவிர வேறெங்கும் இது பிரச்சினையே இல்லை. மார்கழிக் குளிரில் மிளகாயும் கத்தரியும் சில நாள் தாமதமாகும், அவ்வளவுதான். ஈரத்தையும் எல்லோரும் கொடுத்துவிடுகிறோம். மறந்துபோவது காற்றைத்தான். விதையும் மூச்சு விடுகிறது. முளைக்கத் தொடங்கியதும் இன்னும் வேகமாக மூச்சு விடும். களிமண்ணில் புதைத்து, தினமும் குடம் குடமாக ஊற்றினால் மண்ணின் துளையெல்லாம் தண்ணீர் நிறைந்து விதை மூச்சுமுட்டி அழுகும். விதையை ஊறவைப்பதிலும் இதே கணக்குதான். ஓர் இரவு நல்லது. இரண்டு நாள் பாத்திரத்திலேயே கிடந்து தண்ணீர் நாற்றமடித்தால் விதை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அவசரமும் உறக்கமும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, சுரை, கீரை போன்றவற்றின் விதைகள் தாய்ச்செடியிலேயே காய்ந்து, அல்லது நாம் காயவைக்க, ஈரம் குறைந்து உறங்கப் போகின்றன. காய்ந்தால் அவற்றுக்குக் கேடில்லை, ஆயுள் கூடுகிறது. விதைச் சேமிப்பில் ஹாரிங்டன் என்ற விஞ்ஞானி சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. அதனால் நிழலில் நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது சரியான முறை. நம் கிராமங்களில் சுரை, பாகல், புடலை விதைகளைப் பசுஞ்சாணத்தில் பொதிந்து வறட்டியாகச் சுவரில் தட்டி வைத்ததும், பயறு வகைகளைச் சாம்பலில் புரட்டி வைத்ததும் விதை காய்ந்தே இருக்கவும், பூச்சி அண்டாமல் இருக்கவும்தான். இந்த வகையில் எல்லாம் ஒரே ஆயுள் என்று நினைக்க வேண்டாம். வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதில்லை. தக்காளி விதை ஒழுங்காக வைத்தால் மூன்று நான்கு வருடம் தாங்கும்.

இப்படி உறங்கும் விதை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு இஸ்ரேலில் ஓர் உதாரணம் உண்டு. மசாடா என்ற பழைய கோட்டையை 1960களில் அகழ்ந்தபோது கிடைத்த பேரீச்சங்கொட்டைகளில் சிலவற்றை 2005-ல் நட்டுப் பார்த்தார்கள். ஒன்று முளைத்தது. அதன் வயது ஏறக்குறைய 2000 வருடம். வறண்ட பாலைக்காற்று அதை அவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது.

பலா, மா, நாவல் மூன்றும் இதற்கு நேர்மாறு. இவற்றின் கொட்டை பழத்திலிருந்து வரும்போதே ஈரம் நிறைந்து, முளைக்கத் தயாராக வருகிறது. காய்ந்தால் செத்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கெட்டுவிடும். நன்றாகப் பழுத்த பலாவை அறுக்கும்போது சில சமயம் சுளைக்குள்ளேயே கொட்டை முளைவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமையலறைத் தட்டில் கிடக்கும் சௌசௌ தானாகக் கொடி விடுவதும் இதே அவசரத்தால்தான். வேம்பும் கறிவேப்பிலையும் இந்தப் பக்கம் சாய்ந்தவை. கொஞ்சம் உலரலாம், ஆனால் சாதாரணமாக வீட்டில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும். கடையில் பாக்கெட்டில் கறிவேப்பிலை விதை என்று யாராவது விற்றால் நான் வாங்க மாட்டேன்.

எப்படி அடையாளம் காண்பது? புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது, நாவலும் அப்படியே. மழைக்காலம் பக்கத்தில் இருக்கிறது, உடனே முளைத்தால் பிழைத்துக்கொள்ளும். புளியும் கொன்றையும் விதை உதிர்ப்பது பெரும்பாலும் வெயில் காலத்தில். சித்திரையில் பெய்யும் ஒரு கோடை மழையை நம்பி முளைத்துவிட்டால் அடுத்த வார வெயிலில் கருகிப்போகும். அதனால் அவை கெட்டியான தோலைப் போர்த்திக்கொண்டு உறங்குகின்றன. எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், முன்பின் தெரியாத ஒரு கொட்டை கையில் கிடைத்தால் நான் இப்படித்தான் யோசிப்பேன்: எந்த மாதம் விழுந்தது, சதையோடு ஈரமாக விழுந்ததா, காய்ந்த நெற்றாக விழுந்ததா? ஈரமாக விழுந்தால் அந்த வாரமே மண்ணில்.

உறக்கத்தைக் கலைப்பது

கெட்டித்தோல் விதைக்குள் தண்ணீர் போகாது; அதுதான் தடை. காட்டில் விலங்கின் வயிறும், வெயிலும், மண்ணில் உரசலும் அந்தத் தோலைத் தேய்க்கின்றன. நாம் உப்புத்தாளால் தேய்க்கலாம். கொன்றை விதையின் முளை இருக்கும் முனையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் பளபளப்பு போய் உள்நிறம் லேசாகத் தெரியும்வரை தேய்த்து, இரவு தண்ணீரில் போடுங்கள். காலையில் விதை ஊதிப் பெருத்திருந்தால் வழி திறந்துவிட்டது. பெருக்காமல் அப்படியே கிடப்பதை மறுபடி தேய்க்க வேண்டும். நிறைய விதை இருந்தால், தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, அது தானாக ஆறும்வரை விட்டு, ஒரு நாள் ஊறவைக்கலாம். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் வெந்துவிடும். புளியங்கொட்டைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. லேசாக உரசி இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் போதும். சங்குப்பூவுக்கும் அதே.

இன்னொரு வகைத் தடை பழத்தின் சதையிலேயே இருக்கிறது. பப்பாளி விதையைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு பை இருக்கும், தக்காளி விதையைச் சுற்றிக் கூழ் இருக்கும். பழத்துக்குள் அவ்வளவு ஈரத்தில் இருந்தும் விதை முளைக்காமல் அடக்கி வைப்பது அந்தக் கூழ்தான். பப்பாளி விதையைச் சாம்பலோடு சேர்த்து உள்ளங்கையில் தேயுங்கள். பை உடைந்து, உள்ளே சொரசொரப்பான கறுப்பு விதை வெளிவரும். கழுவி நிழலில் உலர்த்தி நட வேண்டியதுதான். தக்காளிக் கூழை ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால் கூழ் கரைந்து விதை அடியில் தங்கும். கறிவேப்பிலையில் நன்றாகக் கறுத்த பழத்தை மட்டும் பறித்து, பிதுக்கி, சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கே நடுங்கள். பச்சைக்காயிலும் சிவந்த காயிலும் முளை முற்றியிருக்காது.

பழைய விதை கையில் இருந்தால் மண்ணில் போட்டுக் காத்திருக்காதீர்கள். பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, துணி காயாமல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. மூன்றோ நாலோ முளைத்தால் இரண்டு மடங்காகத் தூவுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் புது விதைக்குப் போங்கள்.

மண்ணும் ஆழமும்

மரக்கன்றுப் பைகளுக்கு நாற்றுப்பண்ணைகளில் வழக்கமாகப் போடும் கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. வீட்டுக்கும் அது போதும். தொழுவுரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடோ சாண வாடையோ இருக்கக்கூடாது. தக்காளி, மிளகாய் போன்ற சிறு விதைகளுக்குக் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து போட்டால் வேர் அறுபடாமல் எடுத்து நடலாம்.

ஆழம் பற்றி ஒரே விதி: விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு. முருங்கை விதைக்கு ஓர் அங்குலம் சரி. துளசி, கீரை விதைகளை மணலோடு கலந்து தூவி, மேலே சல்லிசாக மண் தூவினால் போதும். சின்ன விதையை ஆழமாகப் போட்டால் அதன் சாப்பாடு மேலே வருவதற்குள் தீர்ந்துபோகும். தூவிய பின் பூவாளியால்தான் நீர் விட வேண்டும். குழாயைத் திறந்து விட்டால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். கீரை விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போகும், கோழி கிளறும், அணில் தோண்டும். ஓரத்தில் கொஞ்சம் ரவையைத் தூவி எறும்பின் கவனத்தைத் திருப்புவது பலர் செய்வது. மற்றவற்றுக்கு முளைக்கும்வரை மேலே ஒரு வலை.

மாங்கொட்டையின் ஓட்டை ஓரமாக வெட்டித் திறந்து உள்ளிருக்கும் பருப்பை எடுத்து, வளைந்த முதுகுப்பக்கம் மேலே இருக்குமாறு நடுங்கள். ஓட்டோடு நட்டாலும் முளைக்கும், ஆனால் தாமதமாகும். வண்டு துளைத்த பருப்பா என்று பார்க்கவும் முடியாது.

முளைத்த பிறகு

அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிர், நெடுநெடுவென்று வெளிர் மஞ்சளாக நிற்கும். சாமிக்கு எடுக்கும்போது அது அழகு. வெளிச்சம் தேடி விதையின் சாப்பாடு முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்திருக்கிறது. உங்கள் தக்காளி நாற்று இப்படி நெட்டையாகச் சாய்ந்தால் அது வெளிச்சம் போதவில்லை என்று சொல்கிறது. முளை தெரிந்த அன்றே காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நன்றாக நின்ற நாற்று ஒரே இரவில் தரையோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து, கறுத்து, சாய்ந்து விழுவது நாற்றழுகல். ஈரமும் நெருக்கமும் அதிகமானால் மண்ணில் உள்ள பூஞ்சை செய்யும் வேலை. விழுந்த நாற்று பிழைக்காது. நெருக்கத்தைக் கலைத்து, மேல்மண் கொஞ்சம் காய்ந்த பிறகே நீர் விட்டு, மீதியைக் காப்பாற்றலாம். விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) பொடியில் புரட்டிப் போட்டால் பெருமளவு தடுக்கலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு, வீட்டில் ஒரு பிடி விதைக்கு ஒரு சிட்டிகை.

தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 35 முதல் 40 நாளிலும் பிடுங்கி நடலாம். அதற்கு முந்தைய வாரம் தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டினால் நாற்று முறுக்கேறும். நடவு சாயங்காலத்தில். வெண்டை, அவரை, சுரை, பாகல், கீரை, முள்ளங்கி எல்லாம் இடம் மாற்றுவதை விரும்பாதவை. நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள்.

மரங்களில் ஆணிவேர்தான் பெரிய விஷயம். பலாவும் நாவலும் மேலே நாலு இலை விடுவதற்குள் கீழே நீளமாக வேர் இறக்கிவிடும். சின்னப் பையில் நெடுநாள் கிடந்தால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருள் பிறகு நிமிராது. பெரிய பையில் போட்டு, அந்த மழைக்காலத்திலேயே குழிக்கு மாற்றுங்கள். பனை இதில் ஒரு படி மேலே. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் கீழ்நோக்கிப் போகிறது. கொட்டையிலிருந்த சத்தையெல்லாம் மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். அதனால் பனையைப் பையில் வளர்த்து இடம் மாற்றுவது சிரமம். இடத்தை முடிவு செய்து, கொட்டையாகவே புதையுங்கள்.

தாயைப் போலவே காய்க்குமா?

விதையிலிருந்து வளர்ந்த கன்று அப்படியே தாயின் நகலாக இருக்காது. மகரந்தம் எங்கிருந்து வந்தது என்பதும் அதில் கலந்திருக்கிறது. பங்கனப்பள்ளிக் கொட்டையை நட்டால் வருவது வேறொரு மாமரம். நன்றாகவும் இருக்கலாம், நாரும் புளிப்புமாகவும் இருக்கலாம். காய்ப்புக்கு ஆறேழு வருடம் காத்திருக்கவும் வேண்டும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். இடம் குறைவாக உள்ள வீட்டில் மாவை ஒட்டுக்கன்றாக வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இதற்கு விதிவிலக்கும் மாவிலேயே இருக்கிறது. இலங்கையில் பரவலாக உள்ள வெள்ளைக்கொழும்பான், கேரளக் கரையின் ஒலூர் போன்ற வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தம் சேராமல் தாயின் திசுவிலிருந்தே உருவானவை. ஆகவே தாயைப் போலவே காய்க்கும். எலுமிச்சையும் இந்தக் குணம் உள்ளது. நல்ல காய்ப்புள்ள எலுமிச்சை மரம் பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு பழம் கேட்டு வாங்கி, விதையைக் கழுவி, காயவிடாமல் நடுங்கள்.

முருங்கையில், வீட்டு மரமுருங்கையைப் போத்து வெட்டி நடுவதுதான் வழக்கம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையோ விதையிலிருந்தே வளர்ப்பது. ஆறு முதல் எட்டு மாதத்தில் காய் பறிக்கலாம். பொறுமை குறைவான வீட்டுக்கு ஏற்றது.

பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், இருபால் மரம் என்று மூன்று உண்டு. ஆண் மரத்தில் நீளமான காம்பில் பூங்கொத்து தொங்கும். பெண் பூ தண்டோடு ஒட்டியிருக்கும். உருண்டைப் பழம் பெண் மரத்தில் வந்தது, நீள்வட்டப் பழம் இருபால் மரத்தில் வந்தது. விதைக்கு நீளப் பழத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால் அதன் விதையில் ஆண் மரம் வராது. மூன்றில் இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் இருக்கும். ஆனாலும் ஒரு குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூ விட்ட பிறகு ஒன்றை நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

எங்கே நடுவது என்பதை விதை போடும்போதே யோசித்துவிடுங்கள். பப்பாளிக்கு ஆறடி இடைவெளி போதும், எலுமிச்சைக்கு அதைப் போல மூன்று மடங்கு, பலாவுக்கும் மாவுக்கும் முப்பது அடி வரை. பலா, நாவல் இரண்டையும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளியே வையுங்கள். சின்னக் கொல்லையில் பெரிய மரம் ஒன்று மட்டும்.

முதல் தடவை தொடங்குபவர்கள் ஆனியில் கறிவேப்பிலைப் பழத்தையும் பப்பாளியையும் பையில் போடுங்கள்; ஆடிப்பட்டத்தில் வெண்டை, அவரை, சுரையை நேரடியாக ஊன்றுங்கள். ஒவ்வொரு பையிலும் என்ன விதை, எந்தத் தேதி என்று ஒரு குச்சியில் எழுதிச் செருகிவிடுங்கள். வெண்டை ஒரு வாரத்துக்குள் எழும், பப்பாளிக்கு இரண்டு மூன்று வாரம், கறிவேப்பிலைக்கும் அதே அளவோ இன்னும் கொஞ்சமோ. அதுவரை பையைக் கிளறிப் பார்க்க வேண்டாம். பப்பாளி நாற்று அரையடி உயரமானதும் குழிக்கு மாற்றலாம். கறிவேப்பிலை மெதுவாகத்தான் வளரும். முதல் வருடம் இலை பறிக்காமல் விட்டால் நன்றாகத் தேறிவிடும்.